தொண்ணூறு வரை

கட்டபெட்டில் ஜனவரி நாலரை மணி.
புல்லில் உறைபனி, சீட்டில் உறைபனி.
டேங்கின் மேல் விரல் வைத்தால்
எடுக்கலாமா என்று விரல் யோசிக்கும்.

வண்டிக்குப் பதினேழு வயது.
மீட்டர் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து
மறுபடி இருபதாயிரம் தாண்டிவிட்டது.
இஞ்சின் இன்னும் பிரிக்கவில்லை.
இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை.
கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன்,
கேட்கும்படி பேச்சைத் திருப்பிவிட்டு.

சோக்கை இழுத்து
சாவி போடாமல் மூன்று மிதி.
ராத்திரி முழுக்க எண்ணெய் அடியில் இறங்கி
பழைய தேன்போலக் கிடக்கும்.
மேலே கேமும் வால்வும் வெற்றுடம்போடு நிற்கும்.
எழுப்பிய கையோடு ஓடச் சொன்னால்
இரும்பு இரும்பைத் தின்னும்,
சத்தமில்லாமல்.
இரண்டாயிரத்துக்கு ஒருமுறை வடிக்கும்போது
கருப்பு எண்ணெயை விரலில் தேய்த்து
வெயிலில் பிடித்துப் பார்ப்பேன்.
மினுமினுப்பு தெரிந்தால்
அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை.

முன்பெல்லாம் ஐந்து நிமிஷம் நிறுத்தி உறுமவிடுவேன்.
கோத்தகிரி மெக்கானிக் போஜன் சொன்ன கணக்கு அது.
மேல்வீட்டு ஹெப்சிபா டீச்சர்
சீட்டு வாரில் ஒரு காகிதம் செருகி வைத்தார்:
‘விடியுமுன் தினமும் ஐந்து நிமிட இரைச்சல்.
தயவுசெய்து மனிதராக நடந்துகொள்ளவும்.’
கையெழுத்து அழகாயிருந்தது.
படியில் நின்று சண்டை போட்டோம்.
நான் நாலு என்றேன், அவர் ஒன்று என்றார்.
கடைசியில் தொண்ணூறு எண்ணிக்கை.

அன்றிலிருந்து
முப்பதில் சோக் பாதி,
அறுபதில் முழுக்க உள்ளே,
தொண்ணூறில் கால் ஊன்றலை எடுத்து
வர்க்கிப் பெட்டிகள் நசுங்காமல் முதல் கியர்.
பாலம்வரை முறுக்குவதில்லை.
மீதிச் சூட்டை ஏற்றத்தில் தானே தேடிக்கொள்ளும்.
ஆறு மாசம் கழித்து பிளக்கைக் கழற்றினால்
கரி இல்லை. பிஸ்கட் நிறம்.
சோக்கை அதிகம் இழுத்து நிறுத்தினால்
பெட்ரோல் இறங்கி
சுவரில் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடுமாம்.
போஜனே ஒப்புக்கொண்டான், வேறு யாரோ சொன்னதுபோல.
டீச்சரிடம் நான் சொல்லவில்லை.

போன மாசம் டீச்சர் ஸ்கூட்டர் வாங்கினார்.
நான் சப்ளை முடித்துத் திரும்பி
டீயில் வாய் வைக்கிற நேரம்
அவர் கிளம்புகிற நேரம்.
பட்டன். இரண்டு இருமல்.
அப்புறம் ஒரே முறுக்கு, கடைசிவரை.
அந்தக் கூவல் என் பல்லில் இறங்கியது.
மூன்று நாள் பொறுத்தேன்.
நாலாம் நாள் டம்ளரோடு வெளியே போனேன்.

“டீச்சர், கொஞ்சம் நில்லுங்க.”
“பெல் அடிச்சிரும்.”
“எண்ணெய் மேலே ஏறட்டும்.”
“எவ்வளவு நேரம்?”
சொல்ல வெட்கமாயிருந்தது.
சொன்னேன்.
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
“இந்தத் தொண்ணூறுக்குத்தானே
படியில நின்னு அவ்வளவு பேசுனீங்க?”

ஆனாலும் நின்றார்.
வருகைப்பதிவு எடுக்கிற குரலில் எண்ணினார்.
நாற்பத்தி ஏழில் இலை லாரி ஒன்று கடந்து போனது,
ஓட்டுநர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்.
ஸ்கூட்டரின் குரல் மெல்லத் தடித்து
ஒரு இடத்தில் அமர்ந்தது.
அது அவருக்கும் கேட்டது என்று நினைக்கிறேன்.
தொண்ணூறுக்கு நாலைந்து முன்பே கிளம்பிவிட்டார்.
வளைவுவரை முறுக்கவில்லை.
என் டீயில் ஆடை கட்டியிருந்தது.

திங்கள் நின்றார். செவ்வாய் நின்றார்.
புதன் லீவு.
வியாழன் நேரமாகிவிட்டது போல.
படி அதிர இறங்கிய சத்தம்,
பட்டன்,
கடைசிவரை ஒரே முறுக்கு.

நான் வெளியே போகவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து
கேட்காத மாதிரி வர்க்கியை டீயில் நனைத்தேன்.
பல்லுக்குத் தெரிந்துவிட்டது.