மரம் எண் ஏழு

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழியில்
மூன்றாவது ஆளும் வண்டியோடு விழுந்த அன்று
பரோட்டாக் கடை ரபீக்
ஒரு பூவரசங்கொப்பை ஒடித்து வந்து
விளிம்பில் ஊன்றினார்.
நுனியில் சிவப்புத் துணி.

மண்டல அலுவலகத்தில்
தீர்மானங்களை டைப் அடிப்பவன் நான்.
'எங்கள் தெருப் பணியை விரைந்து முடிக்க' என்று
எழுத முடியாது;
'மேற்படி தெரு' என்றுதான் அடிக்க வேண்டும்.
நாலு கூட்டத்துக்கு அடித்தாயிற்று,
தேதியை மட்டும் மாற்றி.

ஆனையூர் பஸ் அடுத்த தெருவைச் சுற்றிப்போகப்
பழகிவிட்டது.
இணைப்புக்கு டெபாசிட் கட்டிய ரசீது
பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குள்.
கழிவுநீர் லாரிக்காரர் நம்பர்
என் மனைவிக்கு மனப்பாடம்.

ஐப்பசி மழையில் கொப்பு துளிர்த்தது.
துணியை மூடிக்கொண்டு இலை.
தையில், மஞ்சளாய் ஒரு பூ.

நேற்று சாலை விரிவாக்கத்துக்கு அளக்க வந்தவர்கள்
அதன் இடுப்பில் சுண்ணாம்பு அடித்து
7 என்று எழுதிப் போனார்கள்.

இன்று என் மேஜையில்:
'மேற்படி தெருவில்
போக்குவரத்துக்கு இடையூறான மரங்கள், ஏழு.'
குழியைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஏழை ஆறாக்கிக்
கையெழுத்துக்கு அனுப்பினேன்.

தெருவிளக்கு இன்னும் எரியவில்லை.
ராத்திரி
அந்த வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும்.