முன்பக்கம்

ஒத்தக்கடையில், நான்குவழிச் சாலையோரத் தகர ஷெட்டில்
கருப்பு வண்டி ஒன்றுக்குக் குனிந்திருக்கிறேன்.
வாங்கிப் பதினோரு நாள்தான்.
பானெட்டில் அதற்குள் ஏழு புள்ளிகள்.
பம்பரில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"கடுகளவுதானேண்ணே" என்கிறான் சகாயராஜ்.
கடுகு உருண்டை.
இதை விரல்நுனியால் தடவிப் பார்,
ஒவ்வொன்றுக்கும் விளிம்பு இருக்கிறது.
மேல்பூச்சு போய், நிறம் போய், பிரைமரும் போய்
ஒன்றில் தகரமே தெரிகிறது.
ஐப்பசியில் துரு முதலில் வாய்வைப்பது அங்கேதான்.

கழுவினோம். களிமண் கட்டியை
உருட்டி உருட்டித் தேய்த்தோம்.
தார்ப்பொட்டு வந்தது,
நூறு கிலோமீட்டர் வேகத்தில் செத்த பூச்சிகளின்
கால்கள் வந்தன.
பிறகு தீக்குச்சி முனையில் பெயின்ட் தொட்டு
புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு
காயும்வரை மின்விசிறியை நிறுத்தி வியர்த்தோம்.

வண்டிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில்,
சர்க்கரை போடாத டீயுடன்.
"எவனும் தார்ப்பாய் போடறதில்ல தம்பி.
மேலூர் தாண்டுனா கல்மழைதான்.
கேக்க ஆளில்ல."
ஆமாம் என்று தலையாட்டினேன்.
கையில் பிலிம் இருந்தது, வாயைத் திறக்க முடியாது.
தும்மினால் எண்பத்தையாயிரம்.

சோப்புத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு
தோசைமாவை இழுப்பதுபோல
நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே.
குமிழ் ஒன்று ஒளிந்துகொள்ளும்,
விளக்கின் வளைவில் பிலிம் முரண்டுபிடிக்கும்.
அனல்காற்றை ஒரு சாண் தள்ளிப் பிடித்து
சொல்லிச் சொல்லித்தான் படியவைக்க வேண்டும்.
படிந்தபின் அது இருப்பதே தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் இத்தனை காசு.

"பில்லு யார் பேருக்கு சார்?"
"நல்லமணி புளூ மெட்டல்ஸ்னு போடு.
கம்பெனிக் கணக்கு."

பேனா நின்றது.
அந்தப் பெயரை எனக்குத் தெரியும்.
மஞ்சள் எழுத்து, சிவப்புப் பலகை,
கீழே 'இடைவெளி விட்டு வா'.
தினமும் இரவு என் பைக்கின் வெளிச்சத்தில்
குலுங்கிக் குலுங்கிப் போகும் பெயர்.
ஒரு தார்ப்பாய் நாலாயிரம் இருக்குமா?
எனக்குக் கணக்கு வரும்.
சொல்லத்தான் வராது.

சகாயராஜுக்கு வந்துவிட்டது.
"சார், அது உங்க லாரிக் கல்லா இருக்கும் சார்."

ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை.
யானைமலை வெளியே வெயிலில் கிடந்தது,
வெட்டாத கல், யார்மேலும் தெறிக்காமல்.
அவர் எழுந்தார்.
அவனை அடிக்கப்போகிறார் என்று
ஸ்குவீஜியைக் கீழே வைத்தேன்.

அவர் கிரில்லுக்கு முன் குந்தினார்.
இடுக்கில் விரல்விட்டுத் துழாவி
ஒரு சில்லை எடுத்தார்.
உள்ளங்கையில் உருட்டி, எச்சில் தொட்டு,
வெளிச்சத்தில் திருப்பினார்.

"நம்ம கல்லுதான்" என்றார்.
குரலில் கோபம் இல்லை.
"நீலத்தப் பாத்தியா? பன்னெண்டு எம்எம்.
இந்த ஏரியாவுல இந்த நீலம் வேற குவாரியில கெடையாது."
ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்
சொந்தக்காரர் என்று தெரிந்ததுபோல ஒரு முகம்.
சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"கண்ணாடிக்கும் கதவு விளிம்புக்கும் சேத்து ஒட்டிரு.
எவ்வளவு ஆனாலும் சரி."

போனார்.
வாசலில் ஈரம் இரண்டு சக்கரத்தடமாகக் காய்ந்தது.
சகாயராஜைத் திட்டலாம் என்று
சாயங்காலம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு எட்டரைக்கு உத்தங்குடி பக்கம்
முன்னால் அதே மஞ்சள் எழுத்து.
சுமைமேல் தார்ப்பாய் இருந்தது.
ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் அவிழ்ந்து
காற்றில் படபடத்தது.
எப்போதும் இப்படித்தான் போகுமா,
இன்றைக்குத்தானா?
இத்தனை நாள் நான் மேலே பார்த்ததில்லை,
கண்ணைத்தான் இடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினேன்.
அதிலும் இரண்டு புள்ளி.
பலகை சொன்னபடி
இடைவெளி விட்டேன்.