எண்பத்தேழு கிராம்

அஞ்சலகத் தராசில் முதன்முதலாக நிறுத்தபோது
எண்பத்தேழு கிராம்.
உறையாக இருந்திருந்தால்
இன்னும் சில தலைகள் ஒட்டச் சொல்லியிருப்பேன்.

ஐந்து மாதக் காக்டெய்ல் குஞ்சு.
சாம்பல் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு,
கொண்டையை ஏற்றி இறக்கி
ஊரையே சந்தேகப்படும் முகம்.
வந்த அன்றைக்கே ஒரு மணியார்டர் ரசீதைத் தின்றது.
அதையே பெயராக வைத்துவிட்டேன்.

ஜனவரி. அரவேணுப் பக்கம் புல் வெளுத்துக் கிடந்த வாரம்
ரசீது பேச்சைக் குறைத்தது.
குளிர் என்று நினைத்தேன்.
கோத்தகிரியில் எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதானே.

கிண்ணத்தில் தினை தளும்பத்தான் இருந்தது.
செவ்வாயன்று சும்மா ஊதிப் பார்த்தேன்.
அத்தனையும் உமி.
மேசை, என் மூக்குக்கண்ணாடி, சட்னி எல்லாவற்றிலும் உமி.
நிறைந்த கிண்ணத்தின் முன்
எத்தனை நாள் பசித்திருந்ததோ.

புதுத் தினை போட்டேன். இரண்டு கொத்து.
பிறகு இறகைப் பந்தாக்கிக்கொண்டு
இரண்டு காலையும் ஊன்றித் தூங்கியது.
நன்றாக இருந்தால் ஒற்றைக்காலில்தான் தூங்கும்.
தாளில் எச்சம் வெறும் ஈர வட்டம்.
வால் மட்டும்
மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும்,
வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
நான் முத்திரை குத்துகிற வேகத்தில்.

எழுபத்தெட்டு.

சோர்ந்ததைத்தான் பருந்து முதலில் பார்க்கும் என்று
முட்டைக்குள்ளேயே தெரிந்துகொண்டு வருகிறது போல.
நான் கிட்டே போனால் நிமிர்ந்து
கொண்டையைத் தூக்கி நடித்தது.
நகர்ந்ததும் சரிந்தது.

மாடிவீட்டு பெள்ளி, ஒரு சொட்டு பிராந்தி கொடு என்றான்.
பால்காரர் மிளகுக் கஷாயம் என்றார்.
தலையாட்டினேன். இரண்டையும் கொடுக்கவில்லை.

தற்செயல் விடுப்பு, ஆறு இருபது குன்னூர் பஸ்.
துளை போட்ட அட்டைப்பெட்டி,
உள்ளே காலுறை மாட்டிய வெந்நீர் பாட்டில்.
"லக்கேஜா?" என்றார் கண்டக்டர்.
எடையைச் சொன்னேன்.
அதற்குப் பிறகு மேடு பள்ளத்துக்கெல்லாம்
டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் ரெஜினா அதற்குச் சற்றுமுன்தான்
ஒரு ஜெர்சிப் பசுவின் மடியைப் பார்த்திருந்தார்.
இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிய கையால்
நெஞ்செலும்பைத் தடவினார்.
"கத்தி மாதிரி நிக்குது பாருங்க."
மூக்குத்துளை ஓரத்தில் இறகு கறுத்து ஒட்டியிருந்தது.
பறவையை விட்டு என்னைப் பார்த்தார்.
"ராத்திரி ரூம்ல என்ன எரிக்கிறீங்க?"

கரிச்சட்டி.
சன்னலைச் சாத்தி, துணி செருகி,
அதற்கும் கதகதப்பாக இருக்கட்டுமே என்று
கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

"உங்களுக்கு எத்தனை நாளா இருமல்?"
இருமுகிறேன் என்பதே
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாள் மருந்து. காலையும் இரவும் இரண்டிரண்டு சொட்டு.
அலகின் ஓரமாக விட வேண்டும்,
நேரே விட்டால் மூச்சில் இறங்கும்.
துண்டில் சுற்றலாம், நெஞ்சை அழுத்தக் கூடாது.
அந்த நெஞ்சு விரிந்தால்தான் அதற்குக் காற்று.
நாற்பது வாட் பல்பு, கூண்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும்,
சுட்டால் நகர்ந்துகொள்ள மறுபக்கம்.

கரிச்சட்டி வாசலுக்குப் போனது. மழை அதை நிரப்பியது.
நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
ஒரு விரல் அகலம் திறந்த சன்னலைச் சபித்தபடி படுத்தேன்.

எழுபத்தேழு. எழுபத்தேழு. எண்பது.
முதல் மூன்று நாள் கடிக்கக்கூடத் தெம்பில்லை,
மருந்தை விழுங்கிவிட்டு வெறுமனே பார்க்கும்.
ஏழாம் நாள் கட்டைவிரலில் ரத்தம் வந்தது.
அதே விரலோடு வேலைக்குப் போய்
வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

எண்பத்தைந்தில் நிற்கிறது இப்போது.
மீதி இரண்டு கிராமுக்கு நான் அவசரப்படுத்தவில்லை.

நேற்று இரவு இரண்டு மணிக்குக் கூண்டில் இருமல்.
ஓடிப்போய் டார்ச் அடித்தேன்.
வால் அசையவில்லை. நிற்பது ஒற்றைக்காலில்.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
இன்னொரு தரம் இருமியது,
கடைசியில் நான் தொண்டையைச் செருமுவது வரை
அப்படியே.