எந்தத் துளை

துர்க்கு நகரில் பழைய மீன்கிடங்கின் நிலவறை.
வியாழன் இரவு. ஈரக் காலணிகள் வாசலில்.

கை தவறி ஐனிக்கி
மிக்சரின் வாயை
அதன் காதிலேயே செருகிவிட்டாள்.

அலறியது.
பிறகு அலறலுக்கு அடியிலிருந்து
ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு நடுக்கம்.

பதினெட்டு வருடமாய் வாசிக்கும் ஓஸ்மோ
சூப் கரண்டியைக் கீழே வைத்தான்.
"எந்தத் துளை?"

அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து பேரும் குமிழ்களைத் திருகினார்கள்
கடைசிப் பேருந்து போகும்வரை,
போன பிறகும்.
அவள் செய்த தப்பை
ஒருவராலும் சரியாகச் செய்ய முடியவில்லை.
சூப் ஆடை கட்டிவிட்டது.

வீடு திரும்புகையில்
ஆற்றின் பனிக்கட்டி எங்கோ விரிந்தது.
எல்லோரும் நின்றார்கள்;
ஓஸ்மோ அவள் முகத்தைப் பார்த்தான்.

"இல்லை," என்றாள் ஐனிக்கி.
"இதைவிடக் கொஞ்சம் ஈரம்."