கரடிக்கு ஒன்றும் வைக்காமல்

ஊரே மேலேறி வரும் மே மாதத்தில்
நாங்கள் கீழே இறங்குகிறோம்.
பத்து நாள். தரங்கம்பாடி. கடல் பார்க்க.

கோத்தகிரியில் பூட்டு திருடனுக்கு அல்ல,
கரடிக்கு.
போன தையில் சத்துணவுக்கூடத்துக் கதவைப் பிய்த்து
ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு
எண்ணெய் டின்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததாம்,
ஸ்டாக் எடுக்க வந்த ஆள் மாதிரி.

ஆகவே முதலில் கடலை எண்ணெய்
பக்கத்து வீட்டுக்குப் போகிறது.
பின்னாலேயே வெல்லம்.
நெய் பாட்டிலில் ஒட்டியிருந்ததை
விரலால் வழித்துத் தின்றுவிட்டுக்
கழுவிக் கவிழ்த்தேன்.
எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டு
போஜன் அண்ணன் கேட்கிறார்:
"அப்போ கரடி என் வீட்டுக்கு வரட்டும்ங்கிறே?"
அதை நான் யோசிக்கவில்லை. சிரித்தேன்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பெனடிக்ட் எங்கிருந்தோ தேடிப்பிடித்த குண்டு பல்பை
அலமாரிக்குள் தொங்கவிடுகிறார்.
பத்து நாள் எரிய வேண்டும்,
இல்லையென்றால் கல்யாணக் கோட்டில் பூசணம் பூத்துவிடும்.
"கரண்டு பில்?" என்றேன்.
"கோட்டு?" என்றார்.
என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே
நாற்பது வாட்ஸில் ஒரு வெயில்.

தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்தேன்.
ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு,
வாசல்வரை வந்து திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்து,
ஜெனிட்டாவையும் தொடச் சொன்னேன்.
இரண்டு பேர் தொட்டால் சாட்சி.
அவள் பிளம்ஸ் மரத்தில் பழுத்ததையும் பழுக்காததையும்
ஒன்று விடாமல் பறித்துப் பையில் கொட்டியிருந்தாள்.
புளிப்பு, பஸ்ஸில் வாந்திக்கு ஆகும்.

ராத்திரிக்கு ரொட்டியும் வாழைப்பழமும்.
தோலைப் பொட்டலம் கட்டிக் கைப்பையில் வைத்தேன்.
டெட்டால் விட்டு அடுப்படியைத் துடைத்தேன்.
பதினோரு வருஷத்துத் தாளிப்பு
அரைமணி நேரத்தில் போய்விட்டது.
யாருமே பிறக்காத ஆஸ்பத்திரி போல
மணத்தது வீடு.

ஐந்து மணி பஸ். கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம்.
குஞ்சப்பனை வந்தபோது
ஜன்னல் வழியாகப் பலாப்பழ வாசனை
டிக்கெட் வாங்காமல் ஏறியது.
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
தேங்காய் எண்ணெய்!
கண்ணாடிக்குக் கீழே, நீல பாட்டில்,
காலையில் தலைவாரியபோது
அவசரத்தில் மூடாமல் விட்டது.

சிக்னல் இல்லை.
வளைவுக்கு வளைவு போனைத் தூக்கிப் பிடித்தபடி
மேட்டுப்பாளையம்வரை இறங்கினேன்.
எனக்குள் கதவுகள் உடைந்துகொண்டே வந்தன.
"எடுத்துட்டேம்மா" என்றார் போஜன் அண்ணன்.
"அலமாரில லைட் எரியுதே, அணைச்சிடவா?"
"ஐயோ வேண்டாம்."

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்.
வந்ததாம். ராத்திரி இரண்டு மணிக்கு.
படியில் மண்ணோடு இரண்டு கால்தடம்,
கதவில் ஒரேயொரு கீறல்,
அதுவும் தட்டிப் பார்த்த மாதிரிதானாம்.
அப்படியே சோலைப் பக்கம் போய்விட்டது.
"லைட்டைப் பார்த்திருக்கும்,
ஆள் இருக்குன்னு நினைச்சிருக்கும்."
"வாசனையே இல்லையே,
காலி வீடுன்னு நினைச்சிருக்கும்" என்றார் பெனடிக்ட்
என் காதோடு காது ஒட்டிக் கேட்டுக்கொண்டு.

தப்பித்தோம்தான்.
ஆனாலும் முழங்கால்வரை கடலில் நின்றுகொண்டு
அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்:
அவ்வளவு தூரம் நடந்துவந்து
மூக்கைக் கதவில் வைத்து முகர்ந்து,
நாங்கள் இருக்கிறோம் என்று போனதா,
இங்கே யாரும் வாழவே இல்லை என்று போனதா.

ஜெனிட்டா கடைசி பிளம்ஸைத் தின்றுவிட்டு
கொட்டையை அலைக்குள் வீசினாள்.
அலை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு
அவள் காலடியிலேயே வைத்துவிட்டுப் போனது.