ஏழாவது கேள்வி

முதலில் களைப்பு என்று எழுதினோம்.
களைப்பு தேத்தண்ணியோடு போயிடும் என்றார் செபமணி,
பாஷையூரில் மீன் கூறு வைப்பவர்.
அசதி என்று மாற்றினோம்.
அது கதிரையில இருக்கிற ஆக்களுக்கு வாறதெல்லோ என்று
கிளினிக் வாங்கு முழுக்கச் சிரித்தது.
சோர்வு பேப்பரோடு நின்றுவிட்டது.
கடைசியில் ஒருத்தி
வீங்கிய கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு,
"ஏலாமக் கிடக்கோ எண்டு கேளுங்கோவன்" என்றாள்.

வெட்டினோம். எழுதினோம்.
விதிப்படி அது ஆங்கிலத்துக்கு ஒருமுறை போய்
'உங்களால் ஒன்றுமே முடியாதா?' என்று
கேட்டபடி திரும்பி வந்தது.
ஆனாலும் விடவில்லை.

தெல்லிப்பழை, வியாழக்கிழமை.
இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, நிறைய.
நான்கு கட்டம், நூற்று அறுபது பேர்,
எழுதாமல் அடிக்கடி நின்றுபோகும் ஒரு பேனை.
"ஏதோ இருக்கிறன் பிள்ளை" என்பதை
எந்தக் கட்டத்தில் போடுவது?
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.
முதல் கிழமை ஓரளவில் போட்டேன்.
அடுத்த கிழமை
பேனையை அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

ஐந்துசந்தி ஜெஸீமா பதினான்காவதில் நின்றுவிட்டார்:
ஆருமில்லாத நேரம் கண்ணாடியில்
உங்களைப் பார்ப்பீர்களா?
அலுமாரிக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பியது,
மகளின் கலியாணத்துக்குத் தைத்த சட்டை,
அதற்குள் வைத்த துணிப்பந்து
விருந்து நடுவில் தோள்மட்டுக்கு ஏறியது,
ஏறியதைக் கண்டு மச்சாள் சிரிப்பை அடக்க
இவரும் சேர்ந்து சிரித்தது,
சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனது.
ஐம்பது நிமிடம்.
கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

மாதங்கள் கழித்துப் பேராசிரியர் சொன்னார்,
பதினான்கு மற்றக் கேள்விகளோடு சேருதில்லை,
எடுத்தால் ஆல்பா கூடும்.
எடுத்தோம்.
கூடியது.

அச்சுவேலிப் புவனமலர் படிவத்தைப் பார்த்ததுமே
"இது நான் முந்தியே நிரப்பினது" என்றாள்.
இல்லை அக்கா, இது இப்பதான்...
"குவைத்தில. அரபியில.
முதல் ஒப்பரேசன் அங்கதானே.
எனக்கு வாசிக்கத் தெரியாது, கதைக்கத் தெரியும்.
ஒரு வெள்ளைச்சட்டைப் பிள்ளை வாசிச்சுக் கேட்டவள்.
'தஅபானா?' எண்டு.
ஏலாமக் கிடக்கோ எண்டதுதான்.
பதினொரு வருசம் அந்த வீட்டில நிண்டனான்,
ஒருத்தரும் கேக்கேல்லை.
ஒரு கடதாசி கேட்டது."

என்ன சொன்னீங்கள்?

"ஷுவையா எண்டனான். கொஞ்சம்.
மேடம் பக்கத்திலதான் நிண்டவ.
நிறைய எண்டால் அடுத்த நாள் ஏத்தி அனுப்பியிருப்பா.
வீட்டுக் கூரை அப்ப பாதியில."

எங்கள் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலில்
அரபுப் படிவம் ஒன்று ஒன்பதாவதாக இருக்கிறது.
நம்பகமானது, ஏற்புடையது,
சுழியம் தசம் ஒன்பது ஒன்று.
அவள் நிரப்பியது அதுவா வேறா, எனக்குத் தெரியாது.
அன்றிரவு அதன் அட்டவணைகளில்
'கொஞ்சம்' என்ற நிரலை மட்டும்
மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்ப எப்பிடி அக்கா, ஏழாவது?
கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தாள்.
நின்றது நான் மட்டும்.
பேனையை வாங்கி
நாலாவது கட்டத்தில் புள்ளடி போட்டாள்,
எழுதவில்லை, அழுத்தினாள்,
திரும்ப அழுத்தினாள்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழும்பிப் போன பிறகு
அடுத்த படிவத்தை எடுத்தேன்.
பேரில்லை, வயதில்லை, இன்னும் ஆருக்குமில்லை.
வெளிச்சத்தில் சரித்தபோது
ஏழாவதுக்கு நேரே
மை இல்லாத ஒரு புள்ளடி.