சிவப்புப் புள்ளி

முன்னூற்று அறுபது வெள்ளி.
இருபத்து நான்கு பாக்கெட்,
நானூற்று எண்பது குச்சி என்று
காத்திருக்கும் நாற்காலியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

பாலஸ்டியர் சாலையில் விளக்குக் கடைக்கு மேல்மாடி.
கீழே ஐம்பது சரவிளக்குகள் பகலிலும் எரிகின்றன.
மேலே பேனா அளவுக்கு ஒரே ஒரு வெளிச்சம்.
காது மடலில் வைத்தார் மேடம் சியோ,
பிறகு மூக்கோரம், பிறகு மணிக்கட்டு.
சுடுமா என்றேன். சுடாது.
குத்துமா? குத்தாது.
அப்புறம் என்னதான் செய்யும்?
பச்சைக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு
பேசாமல் இருங்கள் என்றார்.

லேசர் எனக்குப் புதிதில்லை.
பத்தொன்பது வருடமாக மின்தூக்கிக் குழிகளில்
அடித்தளத்தில் வைத்து மேலே அனுப்புகிறேன்
ஒரு சிவப்புப் புள்ளியை.
பதினாறாம் மாடியில் அது தொடும் இடத்துக்கும்
தண்டவாளம் நிற்கும் இடத்துக்கும்
எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பேன்.
இரும்பை அது நிமிர்த்தாது.
எங்கே சாய்ந்திருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான்.
ஸ்பேனர் என் கையில்.

பாக்கெட்டில் அச்சிட்ட அழுகிய கால்
வேறு யாருடையதோ என்றே இத்தனை நாள் இருந்தேன்.
போன மாதம் புளோக் 728-இல்
ஏணியில் ஐந்தாவது படி ஏறும்போது
கால் என்னுடையதுபோல் தோன்றியது.

முதல் நாள் ஒன்றும் இல்லை.
இரண்டாம் நாள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்
அளவு நாடாவை எடுத்து வந்தது.
நான்காம் நாள் மூக்கு திறந்தது.
மூன்றாம் மாடியில் வறுபடும் பெலாச்சான்,
கம்பிவடத்தின் கிரீஸ்,
மின்தூக்கி மூலையில் யாரோ நேற்றிரவு செய்துவிட்டுப் போன காரியம்.
இத்தனை வருடம் புகை என்னை
இதிலிருந்தெல்லாம் காப்பாற்றி வந்திருக்கிறது.

ரோஸ்மான் மட்டும்தான் சிக்கல்.
பத்து மணிக்கு அவன் தலையை ஒரு பக்கம் சாய்ப்பான்.
கருவிகளைப் போட்டுவிட்டு
ஈசூன் பேருந்து முனையத்துக்குப் பின்னால்
மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் போய் நிற்போம்.
ஒரு சிகரெட் நீளம்தான் எங்கள் நட்பு.
அவன் மனைவியின் ஸ்கேன் முடிவை
அங்கேதான் சொன்னான், மூன்றாவது இழுப்பில்.
என் மகன் இரண்டு வருடமாகப்
பேசுவதில்லை என்பதை நானும் அங்கேதான்,
சாம்பலைத் தட்டிக்கொண்டே.
வேறெங்கும் நாங்கள் வேலையைத் தவிர
ஒன்றும் பேசியதில்லை.

இரண்டாம் முறை போனபோது
இதற்கு எந்தப் புள்ளி மேடம் என்று கேட்டேன்.
எதற்கு என்றார்.
விளக்க முடியவில்லை. பசிக்கு என்று சொல்லிவிட்டேன்.
காதில் இன்னொரு இடத்தில் வைத்தார்.

பதினோராம் நாள் ஒன்று பிடித்தேன்.
இயந்திர அறைக்கு வெளியே, மொட்டை மாடியில், தனியாக.
பாதியில் அணைத்தேன்.
நல்லவன் என்பதால் இல்லை, மழை வந்தது.
புனிதாவுக்குத் தெரியாது.
மூன்றாம் முறைக்குப் போகவும் இல்லை.
பணம் திரும்பாது என்று குறுஞ்செய்தி வந்தது.

அது பலித்ததா என்று கேட்கிறார்கள்.
இன்று முப்பத்து நான்காம் நாள்.
என்னிடம் அதற்கு மேல் தகவல் இல்லை.

பத்து மணிக்கு ரோஸ்மான் எழுந்தான்.
தலையைச் சாய்க்கவில்லை.
ஒரு வாரமாக அப்படித்தான்,
எனக்கு நல்லது செய்கிறானாம்.
பொட்டலத்தில் கட்டிய ஐஸ் லிமாவைத்
தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.
மஞ்சள் கோட்டுக்கு வெளியே
அரை அடி தள்ளி நின்றேன்.
அவன் என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான்,
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் புகையை விட்டான்.

ஸ்கேன் அடுத்த செவ்வாய் மறுபடியும் என்றான்.
எத்தனை மணிக்கு என்றேன்.

காற்று இந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.
நான் நகரவில்லை.